அம்மா விட்டுட்டுப் போன ரெண்டு ஓவியம்: ஏல ஒப்பந்தத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

ஒரு வாசகி நீளமா கடிதம் எழுதியிருக்காங்க. பேரு, ஊரு, ஓவியர் யாருங்கறது எதுவும் வெளிய தெரியக்கூடாதுன்னு கேட்டதால அடையாளம் காட்டற எல்லாத்தையும் எடுத்துட்டேன், தொகையையும் மாத்தி எந்த நாட்டு பணத்துக்கும் பொருந்தற மாதிரி வெறும் எண்ணா போட்டிருக்கேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் அவங்க அம்மா தவறிட்டாங்க. வீட்டுல மாட்டியிருந்த ரெண்டு ஓவியம் பிள்ளைங்களுக்கு வந்துச்சு. ஒண்ணு கேன்வாஸ்ல ஆயில் பெயிண்டிங், வலது மூலையில கையெழுத்து இருக்கு. இன்னொண்ணு சின்ன வாட்டர்கலர். ஒரு ஏல நிறுவனத்துக்கு போட்டோ அனுப்பினாங்க, ஆயில் பெயிண்டிங்குக்கு 800லிருந்து 1200 வரைக்கும் எஸ்டிமேட் சொல்லி ஒப்பந்தமும் அனுப்பிட்டாங்க, பத்து நாளைக்குள்ள கையெழுத்து போட்டு அனுப்பணுமாம். வெளிநாட்டுல இருக்கற அண்ணன் போன்ல "உன் இஷ்டம், பாத்துப் பண்ணிக்கோ"ன்னு சொல்லிட்டார். இவங்க திட்டம்: ஓவியத்தை ஈரத்துணியால நல்லா துடைச்சு, பின்னாடி ஒட்டியிருக்கற அழுக்கு லேபிளைக் கிழிச்சுட்டு, புது ஃப்ரேம் போட்டு அனுப்பறது. ரிசர்வ் விலையை, அதாவது இதுக்குக் கீழ விக்கக் கூடாதுங்கற விலையை, 1000ன்னு வெக்கச் சொல்றது. விலை இறங்கிடாம இருக்க ஒரு தோழியை ரெண்டு மூணு தடவை ஏலம் கேக்க வெக்கறது. எப்படியும் 1000 வந்துடும், அதுல 500ஐ எடுத்து அதே மாசம் நடக்கற ஒரு ஆன்லைன் ஏலத்துல பிடிச்ச ஓவியரோட லிமிடெட் எடிஷன் பிரிண்ட் ஒண்ணு வாங்கறது, சர்டிஃபிகேட்டோட வருது, நாலு வருஷத்துல ரெட்டிப்பாகும்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்காங்க. "எல்லாம் சரியா இருக்கா, வேற ஏதாவது கவனிக்கணுமா?"ன்னு முடிச்சிருக்காங்க.

அம்மா இல்லாத வீட்டுல அவங்க பாத்துப் பாத்து வெச்சிருந்த பொருளை விக்கறது மனசுக்கு லேசான காரியமில்லன்னு புரியுது. நீங்க அவசரப்பட்டு எதையும் பண்ணாம முதல்ல கேட்டது ரொம்ப நல்லது. ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ஏலத்துல உங்களைக் கட்டிப் போடறது அங்க இருக்கறவங்க வாயால சொன்னது இல்ல, ஒப்பந்தத்துலயும் கேட்டலாக்லயும் அச்சாகி இருக்கறதுதான். எஸ்டிமேட் அனுப்பினவர் போன்ல எவ்ளோ நல்லா பேசியிருந்தாலும் நாளைக்கு பிரச்சனைன்னு வந்தா அந்தப் பேச்சுக்கு மதிப்பு ரொம்ப கம்மி. அதனால உங்க திட்டத்தை அந்தக் கண்ணோட்டத்துல ஒவ்வொண்ணா பாக்கலாம். சிலது சரி, சிலதை மாத்தணும், ஒண்ணை மட்டும் கண்டிப்பா பண்ணவே கூடாது.

தோழியை விட்டு ஏலம் கேக்க வெக்கறது

அந்த பண்ணவே கூடாத ஒண்ணு இதுதான். நிறைய பேர் இதை தப்புன்னே நினைக்கறதில்ல, என் பொருள், என் விலை, நான் யாரை வேணா கேக்க வெப்பேன்னு நினைக்கறாங்க. சட்டம் அப்படிப் பாக்கல. இங்கிலாந்தோட 1979 சரக்கு விற்பனைச் சட்டம் 57வது பிரிவு, இந்தியாவோட 1930 சட்டம் 64வது பிரிவு, அமெரிக்க வணிகச் சட்டத் தொகுப்போட 2-328, மூணுமே கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது: விக்கறவர் முன்கூட்டியே வெளிப்படையா அறிவிக்காம தானோ தன் ஆளை வெச்சோ ஏலம் கேட்டு விலையை ஏத்தினா வாங்கினவர் அந்த விற்பனையையே வேண்டாம்னு சொல்லிட முடியும். அதோட போகாது, பல இடத்துல அது மோசடி வழக்காவும் ஆகும். 2000ல ஈபேங்கற ஆன்லைன் ஏலத் தளத்துல ஒரு ஓவியம், ரிச்சர்ட் டீபன்கார்ன்ங்கற பிரபல அமெரிக்க ஓவியர் வரைஞ்சதா இருக்குமோன்னு ஜனங்க நம்பற மாதிரி போட்டு, 135,805 டாலர் வரைக்கும் போச்சு. வித்தவரும் கூட்டாளிங்களும் ஒருத்தர் பொருளுக்கு இன்னொருத்தர் ஏலம் கேட்டு ஏத்தி விட்டது வெளிய வந்து ஈபே அந்த விற்பனையை ரத்து பண்ணாங்க, வித்தவர் பின்னால கோர்ட்டுல குற்றத்தை ஒத்துக்கிட்டார். அவர் அப்ப ஒரு வக்கீல்ங்கறதையும் சேர்த்து சொல்லணும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் இருக்கு. உங்க தோழி கேட்டதுக்கு அப்புறம் வேற யாரும் கேக்கலைன்னா சுத்தியல் அவங்க பேர்ல விழும். அப்புறம் அந்தப் பணத்தை பிரீமியத்தோட, அதாவது வாங்கறவர் ஏல நிறுவனத்துக்கு மேல்கொண்டு தர்ற கட்டணத்தோட, கட்ட வேண்டிய பொறுப்பு அவங்களுது. உங்க ஓவியம் உங்க வீட்டுக்கே திரும்பி வரும், நடுவுல ரெண்டு பக்க கமிஷனும் போயிருக்கும்.

விலை ஒரேயடியா இறங்கிடுமோன்னு நீங்க பயப்படறது நியாயம்தான், ஆனா அந்த பயத்துக்குத்தான் ரிசர்வ் விலைன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. அதாவது இந்தத் தொகைக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு நீங்களும் ஏல நிறுவனமும் எழுத்துல போட்டுக்கற ரகசிய விலை. ரிசர்வ் வரைக்கும் ஏலம் விடறவரே உங்க சார்பா விலையை ஏத்திக்கிட்டு வரலாம், இதை விதிமுறைகள்ல வெளிப்படையா போட்டிருப்பாங்க, அது சட்டப்படி சரி. நீங்க பண்ண நினைக்கறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த அறிவிப்புதான்.

ஆனா 1000ன்னு ரிசர்வ் வெக்க முடியாது. எஸ்டிமேட் 800–1200ன்னா ரிசர்வ் அதிகபட்சம் 800, அதாவது கீழ் எஸ்டிமேட்டைத் தாண்டக்கூடாதுங்கறதுதான் பரவலான விதி. நான் உங்க இடத்துல இருந்தா அதையும் விட கொஞ்சம் குறைச்சு 650, 700ன்னுதான் வெப்பேன். காரணம், ரிசர்வ் எட்டாம விக்காமப் போன ஓவியம் பொதுப் பதிவுல அப்படியே நிக்கும், விலை டேட்டாபேஸ்ல யார் தேடினாலும் இது இந்த தேதியில விக்கலைன்னு தெரியும், அடுத்த தடவை கொண்டு போனா குறைச்சுத்தான் கேப்பாங்க. குறைஞ்ச விலையில ஆரம்பிச்சா நாலு பேர் உள்ள வருவாங்க, போட்டி வந்தாத்தான் விலை ஏறும்.

அண்ணன் போன்ல சொன்னது போதுமா?

போதாது. ஒப்பந்தத்துல "நான்தான் இதோட முழு உரிமையாளர், வேற யாருக்கும் இதுல உரிமையோ பாத்தியதையோ இல்ல"ன்னு ஒரு உறுதிமொழி கண்டிப்பா இருக்கும். ரெண்டு பேருக்கும் சேர்ந்து வந்த பொருளுக்கு நீங்க மட்டும் அதுல கையெழுத்து போட்டா அது உண்மைக்கு மாறான உறுதிமொழி, நாளைக்கு அண்ணனோ அண்ணியோ மனசு மாறினா நீங்க குடும்பத்துக்கும் பதில் சொல்லணும், ஏல நிறுவனத்துக்கும் பதில் சொல்லணும், வாங்கினவருக்கும் பதில் சொல்லணும். அண்ணன் மேல சந்தேகப்படச் சொல்லல. அவர் "உன் இஷ்டம்"னு சொன்னது விக்கறதுக்கு சம்மதமா, விலைக்கும் சம்மதமா, பணம் மொத்தமும் உங்களுக்கா பாதியான்னு ஒண்ணும் அதுல தெளிவா இல்ல. எந்த ஓவியம், எந்த நிறுவனம், ரிசர்வ் எவ்ளோ, பணம் எப்படிப் பிரியும்னு நாலு வரியில எழுதி அவர் கையெழுத்து போட்டு அனுப்பட்டும். அம்மா உயில் எழுதியிருந்தா அதையும், இல்லைன்னா வாரிசுன்னு காட்டற காகிதத்தையும் எடுத்து வெச்சுக்கோங்க. ஒப்பந்தத்துல ரெண்டு பேர் பேரையும் போட்டு, பணத்தை ரெண்டு கணக்குக்குப் பிரிச்சு அனுப்பச் சொல்லவும் முடியும்.

சுத்தியல் 1000ல விழுந்தா கைக்கு எவ்ளோ வரும்?

எப்படியும் 1000 வந்துடும்ங்கறதுதான் உங்க கடிதத்துலயே என்னை ரொம்ப கவலைப்பட வெச்ச வரி. எஸ்டிமேட்ங்கறது ஒரு நிபுணரோட யூகம், அதுவும் போட்டோவைப் பாத்து சொன்னது, நேர்ல பாத்ததும் மாத்தறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்கு. சரி, நல்லபடியா 1000க்கே போகுதுன்னு வெச்சுக்குவோம். 1000ங்கறது சுத்தியல் விலை, அதாவது ஏலத்துல கடைசியா கேட்டு முடிஞ்ச விலை. வாங்கினவர் அதுக்கு மேல பையர்ஸ் பிரீமியம் கட்டணும், 25%ன்னு வெச்சா 250, ஆக அவர் கையிலிருந்து 1250 போகும், வரி, பார்சல் செலவு எல்லாம் தனி. உங்க பக்கம் செல்லர் கமிஷன் 15%ன்னா 150 போச்சு, கேட்டலாக் போட்டோவுக்கு ஒரு 30, இன்சூரன்ஸ் 1.5%ன்னா 15. மிச்சம் 805. அவர் குடுத்தது 1250, உங்களுக்கு வந்தது 805, இடைவெளி 445. அந்த 805ல பாதி அண்ணனுக்குன்னா உங்க பங்கு 400 சொச்சம். இதுல எங்கிருந்து 500 எடுத்து பிரிண்ட் வாங்கப் போறீங்க? ரிசர்வ் ஒட்டியே 700க்குப் போச்சுன்னா கணக்கு இன்னும் சுருங்கிடும்.

இந்த பிரீமியம் ஆரம்பத்துல கிடையாது. 1975ல லண்டன்ல கிறிஸ்டீஸ், சோதபீஸ்ங்கற ரெண்டு பெரிய ஏல நிறுவனங்களும் 10%ன்னு ஆரம்பிச்சாங்க, அப்ப டீலர்கள்லாம் பெரிய சண்டையே போட்டாங்க. இப்ப 25%ஐ ஒட்டியோ அதுக்கு மேலயோ சர்வசாதாரணமா இருக்கு. பத்திரிகையில வர்ற ரெக்கார்ட் விலையைப் பாத்து குழம்பறதும் இதனாலதான், ஏன்னா எஸ்டிமேட்ல பிரீமியம் சேராது, வெளியிடற முடிவுல பிரீமியம் சேர்ந்திருக்கும். 2017 நவம்பர்ல லியனார்டோ டா வின்சியோடதுன்னு கிறிஸ்டீஸ் வித்த 'சால்வடார் முண்டி' 450.3 மில்லியன் டாலர்னு உலகமே பேசுச்சு, சுத்தியல் விழுந்தது 400 மில்லியன்ல. உங்க ஓவியரோட பழைய விலைகளை ஆர்ட்நெட், ஆர்ட்பிரைஸ் மாதிரி டேட்டாபேஸ்லயோ ஏல நிறுவனங்களோட சொந்த ஆர்கைவ்லயோ தேடும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. தேடறப்ப அதே அளவு, அதே மீடியம், பக்கத்துப் பக்கத்து வருஷம்னு பாத்து ஒப்பிடுங்க, அவரோட பெரிய கேன்வாஸ் போன விலையை வெச்சு உங்க சின்ன வாட்டர்கலருக்கு கனவு காணக்கூடாது.

இங்க பலருக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். பையர்ஸ் பிரீமியத்தை பேரம் பேச முடியாது, ஆனா செல்லர் கமிஷனைப் பேசலாம், போட்டோ செலவைத் தள்ளுபடி பண்ணச் சொல்லலாம், இன்சூரன்ஸைக் குறைக்கச் சொல்லலாம். நல்ல பொருளுக்காக ஏல நிறுவனங்கள் ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போடறாங்க. 1990கள்ல சோதபீஸும் கிறிஸ்டீஸும் அந்தப் போட்டியே வேண்டாம்னு ரகசியமா கூடிப் பேசி கமிஷன் விகிதத்தை ஒண்ணாக்கிட்டாங்க, அது வெளிய வந்து வாடிக்கையாளர்களுக்கு ரெண்டு நிறுவனமும் சேர்ந்து 512 மில்லியன் டாலர் குடுக்க ஒத்துக்கிட்டாங்க, சோதபீஸ் தலைவரா இருந்தவர் ஜெயிலுக்கே போனார். கமிஷன்ல போட்டி இருக்கணும்ங்கறது உங்க உரிமைன்னு இதுலயே தெரியுது. அதனால குறைஞ்சது இன்னொரு நிறுவனத்துகிட்டயாவது அதே போட்டோவை அனுப்பி எஸ்டிமேட்டும் கட்டண விவரமும் வாங்குங்க. கூடுதலா எஸ்டிமேட் சொன்னவங்கதான் நல்லவங்கன்னு முடிவு பண்ணிடாதீங்க, பொருளைக் கைப்பத்தறதுக்காக ஏத்திச் சொல்றவங்களும் உண்டு, கடைசியில ரிசர்வ் எட்டாம நிக்கறது உங்க ஓவியம்தான்.

பணம் வர்றதுக்கும் நாளாகும். ஏலம் முடிஞ்சு பொதுவா ஒரு மாசத்துக்கு மேல ஆகும், அதுவும் வாங்கினவர் பணம் கட்டியிருந்தாத்தான். அவர் கட்டாம இழுத்தடிச்சா நிறுவனம் தன் கையிலிருந்து உங்களுக்குக் குடுக்கணும்னு கட்டாயம் பெரும்பாலான ஒப்பந்தத்துல கிடையாது. அதே மாசத்துல வித்து அதே மாசத்துல வாங்கறதுங்கற உங்க திட்டம் இங்கயே உடையுது.

ஏலமே வேண்டாம், வேற வழி இருக்கான்னா, இருக்கு. கேலரிகிட்ட விக்கக் குடுக்கலாம், ஏல நிறுவனமே ஏலம் விடாம நேரடியா ஒருத்தருக்கு விக்கற பிரைவேட் சேல் பண்ணித் தரும். கேலரியில கமிஷன் பொதுவா கூடுதல், விக்க எவ்ளோ மாசம் ஆகும்னு சொல்ல முடியாது, ஆனா விக்கலைன்னா ஊருக்குத் தெரியாது. ஓவியருக்கு ஏற்கனவே ஏலத்துல விலை வரலாறு இருந்தா ஏலம் நல்லது. இல்லவே இல்லைன்னா கேலரிதான் பொறுமையா ஆள் பிடிச்சுக் குடுக்கும். நீங்க சொன்ன ஆயில் பெயிண்டிங்குக்கு ஏலம் பொருத்தம்னு நினைக்கறேன், வாட்டர்கலரை இப்ப தொடவே வேண்டாம், முதல் விற்பனை எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

துடைக்காதீங்க, லேபிளைக் கிழிக்காதீங்க

இதை எவ்ளோ அழுத்தமா சொன்னாலும் எனக்குப் போதாது. ஆயில் பெயிண்டிங்ல பழைய வார்னிஷ் மஞ்சளாகி இருக்கும், பெயிண்ட்ல முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு இருக்கும். ஈரத்துணி வெச்சா அந்த வெடிப்பு வழியா தண்ணி உள்ள இறங்கி அடிப்பூச்சை ஊற வெச்சு பெயிண்ட் செதில் செதிலா எழும்பும். நீங்க அழுக்குன்னு நினைச்சு தேய்க்கறது சில நேரம் ஓவியர் கடைசியா மெல்லிசா பூசின கலராவே இருக்கும். சுத்தம் பண்ணணும்னா பயிற்சி பெத்த கன்சர்வேட்டர், அதாவது ஓவியங்களைப் பழுது பாத்துப் பாதுகாக்கற நிபுணர்தான் பண்ணணும், அதுவும் ஏல நிறுவனத்தோட ஸ்பெஷலிஸ்ட் பாத்துட்டு வேணும்னு சொன்னப்புறம். வாங்கறவங்கள்ல பல பேர் கை படாத ஓவியத்தைத்தான் விரும்புவாங்க. புற ஊதா விளக்கு அடிச்சுப் பாத்தா பழைய வார்னிஷ் பச்சையா ஒளிரும், பின்னால யாராவது மேல பெயிண்ட் வெச்ச இடம் கருந்திட்டா தெரியும், மறைக்கறது சுலபமில்ல.

அந்த லேபிள். ஓவியத்தோட முன்பக்கத்தைவிட பின்பக்கம்தான் அதோட ஜாதகம். கேலரி லேபிள், கண்காட்சி எண், ஃப்ரேம் கடைக்காரர் ஸ்டிக்கர், சுங்க முத்திரை, சாக்பீஸ்ல கிறுக்கின நம்பர், எல்லாமே இந்த ஓவியம் எப்ப எங்க இருந்துச்சுங்கறதுக்கு சாட்சி. கிறிஸ்டீஸ் மாதிரி நிறுவனங்கள் மரச்சட்டத்துல கருப்பு மையில ஸ்டென்சில் நம்பர் அடிக்கறது ரொம்ப நாள் வழக்கம், அதை வெச்சு அது எந்த ஏலத்துல வந்ததுன்னு பழைய பதிவுல தேடி எடுக்க முடியும். நல்ல வெளிச்சத்துல பின்பக்கத்தை முழுசா ஒரு போட்டோ, அப்புறம் ஒவ்வொரு லேபிளையும், ஒவ்வொரு மூலையையும், ஆணி அடிச்சிருக்கற ஓரத்தையும் கிட்டத்துல போட்டோ எடுங்க. அம்மா வாங்கின ரசீது, பின்னணியில இந்த ஓவியம் தெரியற பழைய குடும்ப போட்டோ, ஓவியர் எழுதின கடிதம் ஏதாவது இருந்தா தேடுங்க. பழைய ஃப்ரேமையும் மாத்தாதீங்க, கண்றாவியா இருந்தாலும் அது அப்படியே போகட்டும்.

கையெழுத்து இருக்கறதால ஒரிஜினல்தான்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்தைப் போடறது போலி பண்றவனுக்கு ரொம்ப சுலபமான வேலை. அதனாலதான் கேட்டலாக்ல "சைன்ட்"னு போடறதும் "பேர்ஸ் சிக்னேச்சர்"னு போடறதும் வேற வேற, முதலாவதுல ஓவியரே போட்டதுன்னு நிறுவனம் நம்புது, ரெண்டாவதுல கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கு, அவர் போட்டதுன்னு நாங்க சொல்லலைங்கறாங்க. பேருக்கு முன்னாடி வர்ற வார்த்தையும் அப்படித்தான். வெறும் பேர் இருந்தா அவர் வரைஞ்சதுன்னு நிறுவனம் சொல்லுது. "அட்ரிப்யூட்டட் டு"ன்னா அவரா இருக்கலாம்னு அபிப்பிராயம், "ஸ்டூடியோ ஆஃப்"னா அவரோட பட்டறையில யாரோ, "சர்க்கிள் ஆஃப்"னா அவர் காலத்துல அவர் தாக்கத்துல வேற யாரோ, "ஃபாலோயர் ஆஃப்", "மேனர் ஆஃப்"னு போகப் போக தூரம் கூடிக்கிட்டே போகும், "ஆஃப்டர்"னா அவர் ஓவியத்தைப் பாத்து எடுத்த நகல். மேல சொன்ன அதே சால்வடார் முண்டி 1958ல லண்டன் சோதபீஸ்ல 45 பவுண்டுக்குப் போச்சு, அப்ப அது லியனார்டோவோடதுன்னு யாரும் சொல்லல. இப்பவும் அது முழுக்க அவர் வரைஞ்சதுதானான்னு அறிஞர்கள் மத்தியில தகராறு தீரல. உங்க ஓவியத்தை கேட்டலாக்ல எந்த வார்த்தையில போடப் போறாங்கன்னு கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்குங்க, உங்க விலையில பாதி அந்த வார்த்தையிலதான் இருக்கு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய நிறுவனங்கள் ஓவியர் யாருங்கறதுக்கு வாங்கறவருக்கு பொதுவா அஞ்சு வருஷம் உத்தரவாதம் தர்றாங்க. அதுக்குள்ள போலின்னு நிரூபணமானா விற்பனையை ரத்து பண்ணி, உங்களுக்குக் குடுத்த பணத்தைத் திருப்பிக் கேக்க ஒப்பந்தத்துல இடம் இருக்கும். அதனால உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. "அம்மா இந்த வருஷம் வாங்கினாங்க, ரசீது இல்ல"ன்னா அப்படியே சொல்லுங்க. கதையை அழகாக்கப் போய் மாட்டிக்காதீங்க.

நீங்க வாங்க ஆசைப்படற பிரிண்ட்

பிடிச்ச ஓவியரோட பிரிண்டை வாங்கி தினம் பாக்கணும்னு எழுதியிருக்கீங்க, அந்த ஆசை நல்ல ஆசை, அதுக்காக வாங்கினா நஷ்டம்னு ஒண்ணும் கிடையாது. நாலு வருஷத்துல ரெட்டிப்பாகும்னு சொன்னவங்களை மட்டும் நம்பாதீங்க. மேல போட்ட கணக்கையே திருப்பிப் பாருங்க, இன்னிக்கு 1000 சுத்தியல் விலைக்கு வாங்கினா நீங்க குடுக்கறது 1250, அதே பொருளை வித்து 1250 கைக்கு வரணும்னா அடுத்த சுத்தியல் 1500ஐத் தாண்டி விழணும். 50%க்கு மேல ஏறினாத்தான் போட்ட காசே திரும்பும்.

500தான் பட்ஜெட்னா ஏலத்துல 500 கேக்கக் கூடாது. பிரீமியம் 25%, வெளி ஆன்லைன் தளம் வழியா கேட்டா பல இடத்துல அதுக்கு மேல ஒரு 3லிருந்து 5% வரைக்கும் தனியா போடறாங்க, 5%ன்னே வெச்சுக்குவோம். பார்சலுக்கும் வரிக்கும் 60 ஒதுக்கினா மிச்சம் 440, அதை 1.30ஆல வகுத்தா 338. ஆக உங்க உச்ச வரம்பு 330தான். இந்த எண்ணை ஏலத்துக்கு முந்தின நாளே ஒரு தாள்ல எழுதி வெச்சுக்கோங்க, முடிஞ்சா முன்கூட்டியே அதிகபட்சத் தொகையைப் பதிவு பண்ற ஆப்சென்டீ பிட் போட்டுட்டு ஸ்கிரீனை மூடிடுங்க. ஆன்லைன் ஏலத்துல கடைசி நிமிஷத்துல யாராவது கேட்டா நேரம் தானா நீண்டுக்கிட்டே போகும், இன்னும் ஒரு பத்து, இன்னும் ஒரு இருபதுன்னு போறது அந்த நேரத்துலதான். சுத்தியல் விழுந்தா ஒப்பந்தம் உறுதியாயிடுச்சு, மனசு மாறிடுச்சுன்னு பொதுவா திருப்பிக் குடுக்க முடியாது.

இனி அந்த பிரிண்ட் என்னங்கறதைப் பாருங்க. லிமிடெட் எடிஷன்ங்கற வார்த்தை மட்டும் எதையும் நிரூபிக்காது. கீழ் ஓரத்துல 12/75ன்னு பென்சில்ல இருந்தா 75ல பன்னெண்டாவதுன்னு அர்த்தம், ஆனா ஓவியரே லித்தோ கல்லுலயோ செப்புத் தகட்டுலயோ வேலை பாத்து அச்சடிச்சதா, இல்ல இருக்கற ஓவியத்தை போட்டோ எடுத்து ஆஃப்செட்ங்கற மெஷின் அச்சுல அடிச்சு நம்பர் போட்டதா? சின்ன லென்ஸ் வெச்சுப் பாத்தா ஆஃப்செட்ல வரிசை தப்பாம புள்ளி புள்ளியா பூ வட்டம் மாதிரி தெரியும், பத்திரிகைப் படத்துல தெரியற அதே புள்ளி. ஆன்லைன்ல வாங்கறதால பொருள் எந்த நிலையில இருக்குன்னு சொல்ற கண்டிஷன் ரிப்போர்ட் கேளுங்க, ஃப்ரேமை கழட்டி நாலு ஓரமும் பின்பக்கமும் போட்டோ கேளுங்க. ஓரத்தை வெட்டியிருந்தா, பழுப்புப் புள்ளி வந்திருந்தா, அட்டையில ஒட்டியிருந்தா விலை நல்லாவே குறையும், ஏலத்துல பொருள் இருக்கற நிலையிலயே விக்கறதுதான் வழக்கம், வந்தப்புறம் சண்டை போட முடியாது. சர்டிஃபிகேட் யார் குடுத்ததுன்னு பாருங்க. ஓவியரோ அவர் குடும்ப அமைப்போ அச்சடிச்ச ஸ்டூடியோவோ குடுத்தது ஒண்ணு, விக்கறவரே கம்ப்யூட்டர்ல அடிச்சு தங்கக் கலர் முத்திரை குத்தினது வேற ஒண்ணு. ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி வெத்துத்தாள்ல கையெழுத்து போட்டுக் குடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, கையெழுத்து அசல், மேல அச்சடிச்சது யாரோன்னு ஆகி அவரோட பிற்கால பிரிண்ட்னாலே வாங்கறவங்க தயங்கறாங்க.

திருட்டுப் பொருளான்னு பாக்கறதுக்கு இன்டர்போல் 2021ல ஐடி-ஆர்ட்னு ஒரு ஆப் விட்டாங்க, இலவசம், அதுல தேடிப் பாக்கலாம். வாங்கினா ஓவியரோட காப்பிரைட்டும் சேர்ந்து வந்துடாது, நீங்க அதை போஸ்டர் அடிச்சு விக்க முடியாது. நாடு விட்டு நாடு வந்தா இறக்குமதி வரி, பழைய பொருளா இருந்தா ஏற்றுமதி அனுமதி, இதெல்லாம் உங்க பொறுப்பு, கேக்கறதுக்கு முன்னாடியே விசாரிங்க. பல நாட்டுல மறுவிற்பனைக்கு ஓவியருக்கோ அவர் வாரிசுக்கோ ஒரு பங்கு போகணும்னு சட்டம் இருக்கு, ஐரோப்பாவுல அது பொதுவா 4%ல ஆரம்பிச்சு விலை கூடக் கூட குறையுது, அதை வாங்கறவர் தலையில போடறாங்களா விக்கறவர் தலையிலயான்னு விதிமுறையில பாருங்க.

என் அபிப்பிராயம், இந்த மாசம் வாங்காதீங்க. ஒரு ஏலத்தை முழுசா வெறும் பார்வையாளரா உக்காந்து பாருங்க, உங்க பிரிண்ட் மாதிரி பொருள்லாம் எதுல ஆரம்பிச்சு எதுல முடியுதுன்னு குறிச்சுக்கோங்க. அதே எடிஷன்ல வேற பிரதிகளும் இருக்கு, இன்னொண்ணு பின்னால ஏலத்துக்கு வர வாய்ப்பு இருக்கு.

இந்தப் பத்து நாள்ல

கெடு குடுத்தாங்கன்னு பதறாதீங்க, அது அவங்க கேட்டலாக் அச்சுக்குப் போற தேதி, இந்த ஏலம் தவறினா அடுத்த சீசன் இருக்கு. இன்னிக்கே அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. கமிஷனை 10%க்குக் குறைக்க முடியுமா, போட்டோ செலவை விட்டுத்தர முடியுமா, கேட்டலாக்ல ஓவியர் பேருக்கு முன்னாடி எந்த வார்த்தை வரும், நேர்ல பாத்து எஸ்டிமேட்டை மாத்தினா ரிசர்வை என் சம்மதம் இல்லாம மாத்துவீங்களா, கையெழுத்து போட்டப்புறம் நான் திரும்ப எடுத்துக்கிட்டா எவ்ளோ கட்டணம், விக்கலைன்னா யார் செலவுல திரும்பி வரும், எத்தனை நாளைக்கு அப்புறம் ஸ்டோரேஜ் வாடகை ஓட ஆரம்பிக்கும், வாங்கினவர் பணம் கட்டலைன்னா என்ன பண்ணுவீங்க. திரும்ப எடுக்கற கட்டணத்தை நல்லா பாருங்க, சில ஒப்பந்தத்துல எஸ்டிமேட்ல கணிசமான சதவீதத்தையே கேப்பாங்க. பதில் எழுத்துல வரட்டும், போன்ல கூப்பிட்டு விளக்கறேன்னு சொன்னா பேசுங்க, பேசினதை நீங்களே மெயில்ல எழுதி "இப்படித்தானே சொன்னீங்க"ன்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அதே மெயிலோட நகலை அண்ணனுக்கும் அனுப்புங்க. அவர் பதில் வர்ற வரைக்கும் ஓவியம் இருக்கற சுவத்துலயே இருக்கட்டும், மேல நேரடி வெயில் படாம பாத்துக்கோங்க.